கொள்ளு பரப்பிய சாலை

போன வாரம் எங்கள் அலுவலகத்தின் பின்கட்டில் இருக்கும் பம்பு ஷெட்டில் ஒரு பேரிங் சூடேறிவிட்டது. அவசரத்துக்கு வேறு ஒன்றும் கிடைக்காமல் யாரோ விளக்கெண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். அது தீய்ந்து, மெல்லிய நீலப் புகையாகி, நாங்கள் வரைபடம் போடும் அறைக்குள் வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் கோடு இழுத்துக்கொண்டிருந்த பேனாவை அப்படியே பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காகிதத்தில் ஒரு பெரிய மைத்துளி விழுந்த பிறகுதான் நினைவு வந்தது. கை நடுங்காத பெண் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் அன்று ஒரு துளி மையோடு போயிற்று.

தீய்ந்த விளக்கெண்ணெயின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? நல்லெண்ணெய் தீய்ந்தால் பசி வரும், தேங்காயெண்ணெய் தீய்ந்தால் யார் வீட்டிலோ விசேஷம் என்று தோன்றும், வேப்பெண்ணெய் தீய்ந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை. விளக்கெண்ணெய் மட்டும் இந்த வரிசையில் சேராது. அதில் கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் சூடான இரும்பு. எனக்கு அது பந்தயக் காரின் வாசனை. யுத்தத்துக்கு முந்தின மாசியில் ஒருநாள் முழுவதும் அதை முகர்ந்திருக்கிறேன்.

பந்தயக் காரின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்பதை என் அண்ணன் நாச்சிமுத்து முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. "கொட்டமுத்து எண்ணெயவா? கொழந்தைக்குப் பேதிக்குக் குடுக்கறதையா?" என்றாள். "சூட்டுக்கு அதுதாம்மா தாங்கும்" என்றான் அண்ணன். "அப்ப காருக்குப் பேதி ஆவாதா?" என்று அம்மா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டாள்.

அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார். ஆட்டையாம்பட்டியில் அம்மாவும் நானும் இருந்தோம். அண்ணன் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியின் ஷெட்டில் வேலை பார்த்தான். சனிக்கிழமை வந்தால் அவன் சட்டையைத் துவைப்பது என் வேலை. எந்தக் கறை எதனுடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன். முழங்கையில் இருந்தால் கிரீஸ், வயிற்றில் இருந்தால் ரேடியேட்டர் துரு, முதுகில் இருந்தால் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறான். படிப்பில் என்னைக் கெட்டிக்காரி என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் நான் முதலில் படித்தது அந்தச் சட்டையைத்தான்.

அந்தச் சமயத்தில் சேலத்துப் பக்கத்தில் சிறு ஜமீன் போல ஒரு மிட்டா வைத்திருந்த மிட்டாதார் ஒருவர் கப்பலில் ஒரு கார் வரவழைத்திருந்தார். சிவப்பு. மேற்கூரை இல்லை. இரண்டே இருக்கை. தரையோடு தரையாக, படுத்திருக்கும் ஆட்டுக்கடா போல இருக்கும். அதை வாங்கியவருக்கு அதை ஓட்டத் தெரியாது. பஸ் கம்பெனி முதலாளியிடம் சொல்லி அண்ணனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏற்காட்டுத் தோட்டக்காரத் துரைமார்களும் நம் பக்கத்துப் பணக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு மோட்டார் கிளப் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து ஊர் ஊராக, காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நிற்காமல் ஓடும் பந்தயங்களை வரிசையாக நடத்துவது, எல்லாவற்றிலும் வாங்கும் புள்ளிகளைக் கூட்டிக் கடைசியில் ஒரு கோப்பை கொடுப்பது என்று அவர்கள் திட்டம். வேகம் பெரிதல்ல, தாங்குகிற வண்டியும் தாங்குகிற ஆளும்தான் ஜெயிப்பார்கள். அதற்கு முன்னால் இதெல்லாம் நடக்கிற காரியம்தானா, சாலை தாங்குமா, டயர் தாங்குமா, எண்ணெய் தாங்குமா, ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்களா என்று பார்க்க ஒரே ஒரு நாள் சோதனை ஓட்டம். சேலத்திலிருந்து புதுச்சத்திரம் வழியாக நாமக்கல், அங்கிருந்து திருச்செங்கோடு, ஆட்டையாம்பட்டி, திரும்பவும் சேலம். இதுதான் ஒரு சுற்று. இருட்டும்வரை ஐந்தாறு சுற்று வரும் என்று கணக்கு.

மாமாவுக்கு இதை அண்ணன் விளக்கியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. புதுச்சத்திரத்தை ஒட்டி, சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தோட்டம் அவருடையது.

"பரிசு என்ன மாப்ளே?"

"பரிசு கெடையாதுங்க மாமா. இது சும்மா ஓட்டிப் பாக்கறது."

"பரிசில்லாம எதுக்கு நாள் பூரா ஓடோணும்?"

"நெசப் பந்தயத்துக்கு முன்னால, எல்லாஞ் செரியா இருக்குதான்னு பாக்கோணுமில்லைங்க."

"கல்யாணத்துக்கு மொத நாளு ஆக்கித் தின்னு பாக்கறாப்பல" என்றார் மாமா. பிறகு, "செரி, ஒனக்கு அதுல என்ன கெடைக்குது?" என்று கேட்டார்.

அடுப்படியில் இருந்த மாமா மகள் பாவாயி முறத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பதில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மிட்டாதார் சொல்லியிருந்தார்: ஓட்டத்தை முழுசாக ஓடி முடித்துக் காரைப் பழுதில்லாமல் கொண்டுவந்து நிறுத்தினால், அடுத்த வருஷப் பந்தயங்கள் அத்தனைக்கும் நாச்சிமுத்துதான் டிரைவர், நிரந்தர வேலை. மாமாவும் சொல்லியிருந்தார்: ஷெட்டில் கூலிக்கு இருப்பவனுக்குப் பெண் கிடையாது, நிரந்தர வேலை என்று ஒன்று ஆகட்டும், பாவாயியைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும். பள்ளிபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒருவர் வீட்டிலிருந்து வேறு கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். மாமா அவர்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆக, அந்த ஒருநாள் ஓட்டத்துக்குப் பரிசு இல்லை என்று கிளப்பில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பரிசு அடுப்படியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தது.

ஓட்டத்துக்கு முன்னால் சாலையோர ஊர்களில் தண்டோரா போட்டார்கள். மாட்டு வண்டி வரக்கூடாது, ஆடு மாடு கோழி வரக்கூடாது, குழந்தைகள் குறுக்கே ஓடக்கூடாது, நாயைக் கட்டி வைக்கவேண்டும். நல்ல வரிசைதான். நானே எழுதியிருந்தாலும் அவ்வளவுதான் எழுதியிருப்பேன். அதற்குமேல் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்குத் தோன்றும்?

இங்கே கொஞ்சம் விலகி, மாடுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வருஷம் தை மாதத்தில் அந்தப் பக்கம் முழுக்கக் கோமாரி வந்தது. மாடுகள் வாயில் நுரையும் குளம்பில் புண்ணுமாக நின்றன. சில செத்தும் போயின. கொள்ளு விளைந்து, பிடுங்கி, காயவைத்துக் களத்தில் போராக அடுக்கிக் கிடந்தது. மாட்டைச் சுற்றிவிட்டு மிதிக்கவைத்தால்தான் கொடியிலிருந்து கொள்ளு உதிரும். மிதிக்க மாடு இல்லை. ஆட்கள் கழியால் அடித்து அடித்துத் தோள் வீங்கியதுதான் மிச்சம். அதே வருஷம் மாமாவின் ஊருக்கு நேரே சாலைக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் அது ஒரு அதிசயம். வெயிலில் பளபளவென்று, ஒரு கல் இல்லாமல், சாணம் போட்டு மெழுகிய களத்தைவிட நேர்த்தியாகக் கிடந்தது.

எங்கள் ஊர் வழியாகவும் கார்கள் போகும்தான். ஆனாலும் அம்மாவும் நானும் முந்தின நாளே மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அண்ணன் அங்கே ஒரு சுற்றில் நிற்பதாக ஏற்பாடு. அது கிணற்றடிக்காகச் செய்த ஏற்பாடு என்று அவன் சொன்னான். கிணறு ஆட்டையாம்பட்டியிலும் இருக்கிறது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் முதல் கார் வந்தது. முதலில் சத்தம், பிறகு புளிய மரங்களுக்கு நடுவே புழுதி, பிறகு கார், அது போன பிறகு அந்த வாசனை. ஒவ்வொரு காருக்கும் இதே வரிசை. வாசனை மட்டும் போகாமல் மரத்தடியில் தங்கிவிடும். அண்ணனின் சிவப்புக் கார் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தது. பக்கத்து இருக்கையில் மிட்டாதார் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு சுற்றோடு அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சேலத்தில் இறக்கிவிட்டதும் நேரே நடக்காமல் நண்டுபோல நடந்து போனார் என்று பிறகு அண்ணன் சொன்னான். சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் அவன் பட்ட பாடு!

முதல் சுற்றில் மாமா காரைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார். புது ரப்பர், நல்ல அகலம், ஒன்றன்பின் ஒன்றாக, நாள் முழுவதும். கார்கள் போய் முடிந்ததும், "ஏனக்கா, மாடு சுத்தறாப்பலதான இதுவும் சுத்துது?" என்று அம்மாவிடம் கேட்டார். கேட்டுவிட்டுக் களத்துக்குப் போய் ஒரு கட்டுக் கொள்ளுக்கொடியைத் தலையில் தூக்கி வந்தார்.

இரண்டாம் சுற்றில் அந்த ஒரு கட்டுமேல் கார்கள் ஏறிப் போயின. மாமா ஓடிப்போய்க் கொடியை உதறினார். கொள்ளு சலசலவென்று தாரில் கொட்டியது. அதைப் பார்த்த பிறகு ஊர் சும்மா இருக்குமா? மூன்றாம் சுற்றுக்குள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாலை முழுக்கக் கொள்ளு. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு, கார் வராத நேரத்தில் கொடியைப் புரட்டிவிட்டார்கள். "தொரைங்க நல்லா இருக்கோணும், மாட்டுச் சீக்கு வந்த வருசம் பாத்து வண்டிய உட்டிருக்காங்க" என்று ஒரு பாட்டி கும்பிட்டாள். ஒரு வெள்ளைக்காரர் காரைத் திணறித் திருப்பி, முஷ்டியை உயர்த்திக் கத்திக்கொண்டே போனார். ஊரே சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டியது.

அண்ணன் அந்தச் சுற்றில் வேகத்தைக் குறைத்து, சாலையின் ஓரத்து மண்ணில் இறங்கி, கொள்ளைத் தொடாமல் போனான். மாமாவின் முகம் சுண்டிவிட்டது.

அடுத்த சுற்றில் தண்ணீருக்கு நின்றான். முகமெல்லாம் புழுதி. கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் மனிதன் போல இருந்தது. பாவாயி சொம்பை நீட்டினாள். "எனக்கா, காருக்கா?" என்றான். "ரெண்டும் ஒண்ணாட்டந்தான் பொகையுது. மொதல்ல யாருக்கு வேணுமோ குடிங்க" என்றாள். அன்றைய நாளில் அவன் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு மாமாவிடம் போனான். மெதுவாகத்தான் பேசினான்.

"மாமா, ரோட்டுல இருந்து அதை எடுத்தரச் சொல்லுங்க. கொடி அடியில சுத்திக்கும்."

"சுத்துனாத்தான மாப்ளே கொள்ளு உதுரும்?"

"இல்லைங் மாமா, இந்த வண்டி ரொம்பத் தாழ்வு. அடியில பொகைக்கொழா செவசெவன்னு காஞ்சு கெடக்குது."

"மத்தவங்கெல்லாம் ஏத்தீட்டுத்தான போறாங்க? வெள்ளக்காரன் ஏத்தறான், செட்டியாரு ஏத்தறாரு. ஒனக்கு மட்டும் என்ன?" மாமா குரலைத் தாழ்த்தினார். "ஊரே பாக்குது மாப்ளே. பொண்ணு எடுக்கப் போற ஊட்டுக் கொள்ளுத் தவசத்து மேல கால் வெக்காம ஒதுங்கிப் போறான்னு பேசறாங்க. கடைசிச் சுத்துல ஒரே ஒருக்கா ஏத்திட்டுப் போயிரு. ஒனக்குன்னு தனியா ஒரு போரு எடுத்து வெச்சிருக்கறன். நாளைக்கு ஒங்க கல்யாணத்துக்கு அந்தக் கொள்ளுலதான் பருப்புக் கடையோணும்."

பாருங்கள், பெண்ணைத் தருவதை முடிவான காரியம்போல அவர் அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். அண்ணன் காரைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். கிணற்றடியில் நின்ற பாவாயியைப் பார்த்தான். "செரிங் மாமா, ஒரே ஒருக்கா" என்றான்.

இன்று நான் அதை ஒரு படமாகப் போட்டுக் காட்ட முடியும். காரின் அடித்தட்டு, பின்சக்கரத்துக்குப் போகும் சுழலும் தண்டு, அதை ஒட்டியே ஓடும் புகைக்குழாய், அதற்குப் பின்னால் பெட்ரோல் தொட்டி. காய்ந்த கொடி தண்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அது குழாயைத் தொடும். அண்ணனுக்கு இந்தப் படம் அன்றே மனதில் இருந்தது. மாமாவுக்கு வேறொரு படம் இருந்தது. அதில் மருமகன் சிவப்புக் காரில் வந்து, ஊர் பார்க்க, மாமன் வீட்டுத் தவசத்தை மிதித்து உதிர்த்துவிட்டுப் போகிறான். அதுவும் தப்பான படம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

வெயில் சாய்ந்து, நிழல் சாலையின் குறுக்கே நீண்டிருந்தபோது கடைசிச் சுற்று வந்தது. பல கார்கள் வழியிலேயே நின்றுவிட்டன, நாச்சிமுத்து இரண்டாவதாக வருகிறான் என்று சேலம் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். மாமா தனியாக எடுத்துவைத்த போரை நடுச்சாலையில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சாமி வரும்போது செய்வதுபோல.

சிவப்புக் கார் வந்தது. ஓரத்துக்குத் திரும்பவில்லை. "ஏத்து மாப்ளே, ஏத்து!" என்று மாமா கத்தினார். ஏறியது. கொடியெல்லாம் ஒரு அலைபோல எழும்பி விழுந்தது. ஊரே கூவியது. நானும்தான்.

கார் ஊர்க்கோடியைத் தாண்டும்போது அதன் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. விளக்கெண்ணெய்ப் புகை இல்லை, இது வைக்கோல் புகை. கார் நின்றது. அண்ணன் குதித்து, ஓடிவிடாமல், குனிந்து அடியில் கைவிட்டு எரிகிற கொடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான். ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி. பின்னால் ஓடிய பெண்கள் குடத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினார்கள். வீட்டில் தீப்பிடித்தால் அதுதானே செய்வோம்? எண்ணெயும் பெட்ரோலும் தண்ணீர்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவின. "தண்ணி ஊத்தாதீங்க! மண்ணு, மண்ணு!" என்று அண்ணன் கத்தினான். அந்தச் சந்தடியில் அது கேட்கவில்லை. அவன் கையை வெளியே எடுக்கவே இல்லை. மாமாதான் அவனை இடுப்பைச் சேர்த்துக் கட்டிப் பின்னால் இழுத்து விழுந்தார். அதன் பிறகு பெட்ரோல் தொட்டியும் பற்றிக்கொண்டது. காரில் மிஞ்சியது இரும்பு.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அண்ணனின் இரண்டு கைகளையும் துணிப்பொதிபோலச் சுற்றிவைத்திருந்தார்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கிளப்பிலிருந்து ஒரு துரையும் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு குமாஸ்தாவும் வந்தார்கள். அதற்கு முன்பே ஊரில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். "காத்துல வந்து விழுந்திருக்குமுங்க" என்று யாரோ சொன்னார்களாம். "காத்து முழங்கா ஒசரத்துக்கு, பாய் விரிச்சாப்பல விரிச்சிட்டுப் போச்சாக்கும்" என்று குமாஸ்தா எங்களிடம் எரிச்சலோடு சொன்னார். பொதுச் சாலையில் அதைப் போட்டவன் யார் என்று தெரிந்தால் போலீசில் கொடுப்பார்கள், கார் விஷயமும் அவன் தலையில்தான் விழும் என்றார்.

மாமா கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தார். இவர்கள் வந்ததிலிருந்து அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "அது வந்துங்க சாமி, நான்..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான் அண்ணன்.

மாமா தண்ணீரை வாயருகே பிடித்தார். அண்ணன் அதை மெதுவாக, நீண்ட நேரம் குடித்தான். குடித்து முடித்துவிட்டுத் துரையைப் பார்த்துச் சொன்னான்: "ரோட்டுல கொள்ளுக்கொடி கெடந்துதுங்க. மத்த வண்டியெல்லாம் பத்தரமாத்தான் போச்சு. எனக்கு ஒதுங்கிப் போக எடமிருந்துதுங்க. நாந்தான் ஏத்துனன். ஓட்டுனவன் தப்புதானுங்க."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குமாஸ்தா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். மாமா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்காமல் அவர்கள் போகும்வரை கையிலேயே பிடித்திருந்தார்.

டிரைவரின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. கிளப்பின் எந்த ஓட்டத்திலும் நாச்சிமுத்து இனிமேல் ஓட்டக்கூடாது. மிட்டாதார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, காருக்கு நஷ்டம் எதுவும் கேட்காமல் போனார்; கெட்டவர் இல்லை. சாலையின்மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டதால் சோதனை வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் முதல் பந்தயம் என்று சேலத்தில் பேசிக்கொண்டார்கள். மழைக்காலத்துக்குள் யுத்தம் வந்துவிட்டது. துரைமார்கள் சிலர் பட்டாளத்துக்குப் போனார்கள், பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது, பஸ்களே பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓட, கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டன. பந்தயம் என்ற பேச்சே எடுக்க ஆளில்லை.

அண்ணனின் கைக்கட்டைப் பிரித்தபோது வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. ஸ்டியரிங் பிடிக்க முடியாது. மாமா அதைப் பார்த்த அன்றே அம்மாவிடம் வந்தார். பழையபடி நேராக வராமல், வாசலில் நின்றுகொண்டே பேசினார். "இந்த மாசமே வெச்சரலாங்கக்கா. வேலை கீலை ஒண்ணும் நான் கேக்கல. என்ற புள்ளைய நான் குடுக்கறன்."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன்தான் வேண்டாம் என்றான். அம்மா அழுதாள், திட்டினாள், ஒருவேளைச் சோறு போடாமலும் பார்த்தாள். அவன் அசையவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்: "ஆசப்பட்டுக் குடுத்திருந்தாருன்னா வாங்கியிருப்பன் அம்முணி. இப்ப அபராதங் கட்டறாப்பலல்லோ குடுக்கறாரு. ஒவ்வொரு வேளையும் என்ற கையப் பாத்துட்டுத்தான அவுரு சோறு திங்கோணும்? அவுரால முடியாது சாமி."

பாவாயிக்கு வைகாசியில் பள்ளிபாளையத்தில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுவதற்கு முன்னால், தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த என்னிடம் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்: "வேண்டாம்னு சொன்னது அவுரா, அவுரு கையா?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை அந்த நேரத்தில் சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்று யோசித்தேன். "தெரியலீங் அக்கா" என்றேன். அவள் பூவை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

பஸ் கம்பெனி அண்ணனைக் கைவிடவில்லை. சேலத்தில் பஸ் நிற்கும் இடத்தில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புகிற வேலை கொடுத்தது. விசில் ஊத விரல் தேவையில்லை. யுத்த காலத்தில் அலுவலகங்களில் ஆள் பற்றாமல் பெண்களையும் வரைபட வேலைக்குப் பழக்கிச் சேர்த்தபோது, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தது அவன்தான். எஞ்சின் படம் ஒன்றை நான் முதன்முதலில் சுத்தமாகப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் மடங்கின விரலை வைத்து, "இந்த போல்ட்டைத் திருப்பறதுக்கு ஸ்பானர் உள்ள போகாது. போட்டவன் ஷெட்டுல வேலை பாக்காதவன்" என்றான். உண்மைதான். நான் மூலப் படத்தைப் பார்த்து நகல் எடுத்திருந்தேன். மூலம் போட்டவர் சீமையில் இருந்தார்.

மாமா அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததே குறைவு. வந்தாலும் அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்தார். அண்ணனும், மாமா வந்திருக்கிறார் என்று தெரிந்தால் கொஞ்சம் தாமதமாகவே வீடு திரும்புவான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனமாகத் தவிர்த்தார்கள் என்று நினைத்தால், அதுவும் ஒருவகைப் பிரியம்தான் என்று தோன்றுகிறது. ஊரில் அந்தக் கொள்ளுக்கொடியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கிளப் கலைந்துவிட்டது. அந்த ஓட்டம் நடந்தது என்பதற்கு எங்கும் ஒரு குறிப்பும் கிடையாது. ஒரு ஓட்டத்தை முதலாவது என்று சொல்வதற்கு இரண்டாவது என்று ஒன்று நடந்திருக்கவேண்டும். அது நடக்கவில்லை.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, ஒருநாள் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தேன். பட்டாளத்தார் விட்டுப்போன விமானத் திடல் ஒன்றில் கார்ப் பந்தயம் நடத்தப் போகிறார்களாம். அண்ணனுக்கு அப்போது உடம்பு சரியில்லை. நெஞ்சில் சளி கட்டி, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தான். படித்துக் காட்டினேன். கண் மின்னியது.

"தரை எப்படியாம்?"

"சிமிட்டித் தரை. ஒரு கல் இருக்காது. சுத்தியும் முள்ளுக்கம்பி வேலி. ஆடு மாடு மட்டுமில்ல, ஒரு ஆள் உள்ள வர முடியாது."

"நல்லதுதான்" என்றான். பிறகு, "சொந்தக்காரங்க?" என்று கேட்டான்.

"அவிங்களும் வேலிக்கு அந்தப் பக்கந்தான் நிக்கோணும். ரொம்ப தூரம்."

"அப்பறம் யாருக்குக் காட்டறதுக்கு ஓட்டறாங்க சாமி?" என்றான் அண்ணன், கூரையைப் பார்த்தபடி.

அந்த ஐப்பசியில் அண்ணன் போய்விட்டான். மாமா வந்து, எல்லாருக்கும் முன்னால் பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். சுடுகாடுவரை மாற்றிக்கொள்ள யாரையும் விடவில்லை.

போன மாதம் வேலை விஷயமாக நாமக்கல்வரை ஜீப்பில் போனேன். புதுச்சத்திரம் வந்ததும் என்னை அறியாமல் வெளியே பார்த்தேன். சாலையை அகலமாக்கியிருக்கிறார்கள். புளிய மரங்களில் பாதி இல்லை. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. வீடுகளின் முன்னால் ஆட்கள் இருந்தார்கள்: கயிறு திரிப்பவர், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள், வெயிலுக்குத் துண்டைப் போட்டுப் படுத்திருந்தவர். எங்கள் வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.